அந்த சிவப்ப மட்டும் வச்சிடு

சண்டைக்கு வரலம்மா. நான் எதுக்கு உங்கிட்ட சண்டைக்கு வரப்போறேன். எடுத்த இடத்துலயே திருப்பி வச்சிடுன்னு சொல்றேன், அவ்ளோதான். கைய மூடிக்கிட்டா எனக்குத் தெரியாதா? நீ குனிஞ்சத அந்தக் கவுத்துப் போட்ட படகுக்குப் பின்னால உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சிவப்புக் கண்ணாடி. கட்டவிரல் நகம் அளவு இருக்கும். ஒரு பக்கம் வழுவழுன்னு, மறுபக்கம் தடவிப் பார்த்தா வரி வரியா தட்டும். சரியா?

ஆமா, கடற்கரை எங்க அப்பன் வீட்டுச் சொத்து இல்லதான். கடல் ஒதுக்கினது எடுத்தவங்களுக்குச் சொந்தம், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா இதக் கடல் ஒதுக்கல. நான் வச்சேன். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இந்தக் கையால, அந்தக் கடல்பாசிக்குப் பக்கத்துல, பாதி மணலுக்குள்ள பாதி வெளிய தெரியற மாதிரி பாந்தமா வச்சுட்டு வந்து படகுக்குப் பின்னால உக்காருறேன், நீ வந்து லபக்குன்னு எடுத்துட்ட.

அப்படிப் பார்க்காத. எனக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. அதோ, அந்தக் கல்லுச் சுவர் பக்கம் பாரு. ரெண்டு பேர் வர்றாங்களா? தொப்பி போட்டுக்கிட்டு, எதையோ தொலைச்சவர் மாதிரி தரையப் பார்த்துக்கிட்டே வர்றாரே, அவரு எங்க வீட்டுக்காரர். பக்கத்துல ஃபோனப் பார்த்துக்கிட்டு வர்றது எங்க பையன். அவங்க இங்க வந்து சேரும்போது அந்த சிவப்பு இந்தப் பாசி ஓரமா கிடக்கணும். கிடக்கலேன்னா எங்க வீடு போச்சு.

போச்சுன்னா இடிஞ்சு விழுந்துடாது. பூட்டிட்டுப் போகணும். பையனோட ஃப்ளாட்டுக்கு. பதினாலாவது மாடி.

உக்காரேன். அவரு இப்போதைக்கு வந்து சேர மாட்டாரு. ஒரு கிளிஞ்சல்கூட விடாம காலால புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் வருவாரு. நண்டெல்லாம் அவர முந்திக்கிட்டுப் போகும். நீ எழுந்து நடந்துட்டாத்தான் எனக்குக் கஷ்டம். உன்ன துரத்திப் புடிக்கிற முட்டி இல்ல இது.

மோதிரமா? இதுல மோதிரம் பண்ணப் போறியா? ஏம்மா, இது மாணிக்கம்னு நினைச்சியா. சொல்லிடுறேன், கேட்டுட்டு மனசு உடைஞ்சு போகாத. இது காரோட டெயில் லைட்டு. பிரேக் புடிச்சா பின்னால சிவப்பா எரியுமே, அது. பழைய காரு. அப்பல்லாம் கண்ணாடியிலதான் போட்டாங்க, இப்ப எல்லாம் பிளாஸ்டிக்கு. அந்த வரி வரியா இருக்கிறது வெளிச்சத்தப் பரப்புறதுக்குப் போட்ட வரி. யாரோட வண்டியோட பின்பக்கத்தையோ விரல்ல மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவியா நீ?

எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு. கப்பல் விளக்குன்னு சொல்லுவாரு. கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சைன்னு விளக்கு இருக்குமாம். ஏதோ ஒரு புயல்ல, ஏதோ ஒரு கப்பல் இந்தப் பக்கம் முழுகி, அதோட இடது பக்க விளக்கு உடைஞ்சு, அலை உருட்டி உருட்டி, இவரு காலடியில கொண்டு வந்து போட்டுச்சாம். நான் டெயில் லைட்டுன்னு சொன்னதுக்கு அன்னிக்கு எங்கிட்ட பேசல. பேசாம இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

எனக்கு எப்படித் தெரியுமா? கேட்டியே ஒரு கேள்வி. அந்த மனுஷன்கூடக் குடும்பம் நடத்துறேன், தெரியாம இருக்குமா. இந்தா, இந்தத் துணிய விரி, காட்டுறேன். இதெல்லாம் நான் பையில போட்டுக்கிட்டு வர்றது. இந்தப் பச்சை, பீர் பாட்டில். இந்தப் பழுப்பு, இருமல் மருந்து பாட்டில், வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும்னு பழுப்புல ஊத்துவாங்க. இந்த வெள்ளை சாதாரண வெள்ளை, எங்க பார்த்தாலும் கிடக்கும், யாரும் சீண்ட மாட்டாங்க. இதப் பாரு, லேசா ஊதா தெரியுதா? இதுவும் வெள்ளையாப் பொறந்ததுதான். பழங்கால வெள்ளை, வெயில்ல கிடந்து கிடந்து ஊதாவாயிடும். மனுஷங்க வெயில்ல கிடந்தா கருப்பாகுறோம், இதுக்கு மட்டும் அப்படி ஒரு யோகம். இந்த நீலத்த எடுத்துக்கோயேன். தைல பாட்டில். நீலம் உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும். ஊதாவையும் சேர்த்து எடுத்துக்கோ. அந்த சிவப்ப மட்டும் வச்சிடு.

யோசிக்கிறியா. யோசி, யோசி. அவரு இன்னும் அந்தக் கட்டுமரத்தையே தாண்டல.

அவரு யாருன்னு கேட்டா நீ சிரிப்ப. இந்தக் கரைக்கு வடக்கால ஒரு பாட்டில் ஃபேக்டரி இருந்துச்சு, இப்ப வெறும் சுவர்தான் நிக்குது, வர்ற வழியில பார்த்திருப்ப. அதுல லாரி ஓட்டினாரு. என்ன லாரின்னா, உடைஞ்சது, கோணினது, வாய் ஒட்டிப்போனது, இப்படி வேலைக்காகாத பாட்டில எல்லாம் அள்ளிக்கிட்டுப் போய்க் கடல்ல கொட்டுற லாரி. அந்தக் காலத்துல யாரு கேட்டா. குப்பைய எங்க கொட்டுறது, கடல்ல கொட்டு. சர்வீஸ் பூரா கொட்டினாரு. ரிட்டயர் ஆனதும் ஒரு பைய எடுத்துக்கிட்டு வந்து பொறுக்க ஆரம்பிச்சாரு. அவரு கொட்டினத அவரே பொறுக்குறாரு. அதுக்கு ஒரு தொப்பி வேற. ஒரு லென்ஸ் வேற.

அந்த லென்ஸ வச்சு ஒவ்வொரு துண்டையும் பார்க்கிறத நீ பார்க்கணும். வெயிலுக்கு நேரா புடிப்பாரு, திருப்புவாரு, கன்னத்துல உரசுவாரு, பல்லுல தட்டிப் பார்ப்பாரு. கல்யாணமான புதுசுல என்ன அப்படி ஒரு தடவ பார்த்திருந்தாருன்னா நான் பரவாயில்லன்னு இருந்திருப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, அதுல மட்டும் அவர யாரும் ஏமாத்த முடியாது. எனக்கே அனுபவம். என்னாச்சுன்னா, அந்தக் கல்லுச் சுவர் கட்டினாங்க பாரு, படகு நிறுத்துறதுக்கு, அதுக்கப்புறம் இந்தப் பக்கம் கண்ணாடி வர்றதே நின்னு போச்சு. ஃபேக்டரியும் இல்ல, கொட்டுறதும் இல்ல, கடலுக்குள்ள கிடந்ததும் சுவருக்கு அந்தாண்ட போய் அடையுது, பாறையும் சேறுமா இருக்கிற இடம், யாரும் இறங்க முடியாது. இவரு காலைல போவாரு, வெறும் பையோட வருவாரு. வந்து என் அடுப்படி வாசல்ல நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவாரு. என்ன பண்ற? வெங்காயம் நறுக்குறேன். ஏன் இவ்ளோ பெருசா நறுக்குற? நறுக்குறத அளந்து பார்க்க ஆரம்பிச்சா மனுஷி எப்படி வாழுறது சொல்லு. அவரு வெளிய போற நேரம்தான் எனக்கு வீடு. வீட்டுல இருக்கிற நேரம் அது அவரு வீடு.

அதனால நானே கண்ணாடி பண்ணேன். ஆமா, பண்ணேன். பக்கத்து வீட்டு மேஸ்திரிகிட்ட காங்க்ரீட் கலக்குற மிஷின் இருக்கு. வேலை இல்லாத அன்னிக்குக் கெஞ்சி வாங்கி, பாட்டில ஒடச்சுப் போட்டு, மணல் போட்டு, தண்ணி ஊத்திச் சுத்தவிட்டேன். தெரு பூரா கடகடன்னு சத்தம். எதிர் வீட்டம்மா வந்து, மாடி எடுக்கிறீங்களான்னு கேக்குறா. கடைசியில வந்துச்சு பாரு, அப்படியே கல்கண்டு மாதிரி, முனையெல்லாம் மழுங்கி, மேல பனி படிஞ்ச மாதிரி. எனக்கே பெருமையா போச்சு. விடியற்காலைல, பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து, அங்கங்க தூவிட்டுப் போனேன்.

அந்த மனுஷன் ஒன்ன எடுத்தாரு. லென்ஸக்கூட எடுக்கல. கட்டவிரலால ஒரு தடவு தடவினாரு. இது கடலையே பார்த்ததில்லன்னு சொல்லி, பொறுக்கிக் கொண்டு வந்து எங்க வீட்டுக் குப்பைத் தொட்டியிலயே போட்டாரு. யாரோ மடப்பய மிஷின்ல சுத்தி விட்டிருக்கான்னு வேற திட்டுறாரு. நான் எதுவும் தெரியாதவ மாதிரி, எப்படிங்க கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டேன். நல்ல கடல் கண்ணாடியில பிறை நிலா மாதிரி குட்டிக் குட்டித் தழும்பு இருக்குமாம். அலை எத்தனையோ வருஷமா கல்லுல மோதி மோதி வாங்கின அடி. ஒன்னு பெருசா, ஒன்னு சின்னதா, ஒரு ஒழுங்கே இல்லாம இருக்கும். மிஷின்ல பண்ணது சோப்புக்கட்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உன் கையில இருக்கிறதயே வெளிச்சத்துக்குக் காட்டிப் பாரு. தெரியுதா? தொறந்துட்ட பாரு கைய. சரி சரி, மூடிக்கோ, நான் புடுங்க மாட்டேன்.

அப்புறம் என்ன பண்றது. கடல் பார்த்த கண்ணாடி வேணும்னா அது எங்க வீட்டுப் பின்னறையிலதான் இருக்கு. பிஸ்கட் டின்னு டின்னா அடுக்கி வச்சிருக்காரு, நிறம் பிரிச்சு. மேல் தட்டுல இருக்கிறத தினம் எடுத்துப் பார்ப்பாரு. அடித்தட்டுல இருக்கிறத யாரு குனிஞ்சு பார்க்கிறது. அதுலேருந்து ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து போட ஆரம்பிச்சேன். அவரு பொறுக்கிட்டு வந்து, கழுவித் துடைச்சு, நிறம் பிரிச்சு, அதே டின்ல போடுவாரு. மறுநாள் நான் அதே டின்லேருந்து எடுப்பேன். ஃபேக்டரி மூடினாலும் லாரி ஓடிக்கிட்டேதான் இருக்கு பாரு, இப்ப டிரைவர் நான்.

சந்தேகமா? அவருக்கா? ஒரு நாளும் வந்ததில்ல. கடல் திரும்பிக் குடுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு மேஸ்திரிகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. அந்தாளு என்னப் பார்த்து இருமுறான்.

இப்ப விஷயத்துக்கு வரேன், அவங்க கட்டுமரத்தத் தாண்டிட்டாங்க. எங்க பையன் நல்ல பையன்மா. கெட்டவன்னு நினைச்சிடாத. எங்க வம்சத்துலயே முதல் டிகிரி அவன்தான். பரீட்சை எழுதி எழுதியே வளர்ந்ததால எதச் சொன்னாலும் ஆதாரம் கேட்பான். சின்ன வயசுல, ஜுரம் அடிக்குதுடா கண்ணான்னா, எவ்ளோன்னு கேட்ட பய. போன மழையில இவரு பாறையில வழுக்கி விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டாரு. அன்னிலேருந்து அவனுக்குத் தூக்கம் இல்ல. ஃபோன் எடுக்க கொஞ்சம் லேட்டானா போதும், ரெண்டு பேரும் செத்துட்டோம்னு முடிவு பண்ணிடுறான். பயந்த சுபாவம். என்ன மாதிரி.

நேத்து வந்தான். கார் டிக்கியில அட்டைப்பெட்டி மடிச்சு வச்சிருக்கான். நான் பார்க்கலன்னு நினைப்பு. சாப்பிடும்போது ஆரம்பிச்சான். அப்பா, இங்க ஏன் இருக்கீங்க, கண்ணாடிக்காகத்தானே, அந்தக் கரையில கண்ணாடி வர்றதில்லன்னு படகுக்காரங்களே சொல்றாங்க, தினம் எடுக்கிறேன் எடுக்கிறேன்னு சொல்றீங்களே, வீட்டுல ஒரு டின்கூடக் கூடலையேப்பான்னான். டின்னு எப்படிக் கூடும்? இவருக்கு ரோஷம் வந்துடுச்சு. நாளைக்கு எங்கூட நடந்து பாருடான்னாரு. அவன், பச்சையும் பழுப்பும் எந்தக் குப்பையிலயும் கிடைக்கும், இங்கயே இருக்கலாம்னு சொல்ற மாதிரி ஒன்னே ஒன்னு கிடைக்கட்டும், நான் இனிமே வாயத் திறக்க மாட்டேன்னான். கிடைக்கலேன்னா வரேன்டான்னு இந்த மனுஷன் கையடிச்சுக் குடுத்துட்டாரு. ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கல. வீட்டப் பணயம் வச்சுட்டுப் போய்த் தயிர் ஊத்திக்கிறாரு.

அந்த ஃப்ளாட்டா? நல்ல ஃப்ளாட்டும்மா. போய் இருந்து பார்த்தோமே. மருமக தங்கம். ஒரு டம்ளரக் கழுவ விட மாட்டா. உக்காருங்கம்மா, உக்காருங்கம்மான்னு, உக்காந்து உக்காந்து எனக்கு எழுந்திருக்கிறதே மறந்து போச்சு. ஜன்னல் திறக்காது. திறந்தா ஏசி போயிடுமாம். மூணு ரூமு, அதுல எங்க திரும்பினாலும் இவரு. ஒரு நாள் ஆளக் காணோம். தேடினா, வாட்ச்மேன் கூட்டிக்கிட்டு வர்றான், சார் உங்க அப்பாவான்னு. கீழ கார் நிறுத்துற இடத்துல யாரோ வண்டிக் கண்ணாடிய ஒடச்சிருக்காங்க, இவரு முட்டி போட்டு உக்காந்து அந்தத் துண்டுகளப் பொறுக்கிக்கிட்டு இருந்திருக்காரு. லென்ஸ வச்சு. நான் சிரிச்சேன். மருமகளும் சிரிச்சா. இவரு அந்தத் துண்ட எல்லாம் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தாரு, ஊருக்குக் கிளம்புறப்பதான் தூக்கிப் போட்டாரு. பிறை இல்லன்னு சொன்னாரு. அப்ப நான் சிரிக்கல.

இந்த சிவப்பா? இது டின்ல இருக்கிறது இல்ல. இதப் போன வருஷம் நிஜமாவே எடுத்தாரு, இதே கரையில. நான் போட்டதில்ல, சத்தியமா அவரே கண்டெடுத்தது. மூக்குக்கண்ணாடிக் கூடுக்குள்ள வச்சிருப்பாரு. ராத்திரி தலையணைக்கு அடியில அந்தக் கூடு, காலைல சட்டைப்பையில. என்னத் தொட விட்டதில்ல. பையன்கிட்ட காட்டினதும் இல்ல. காட்டினா எவ்வளவுக்குப் போகும்னு கேட்பான்னு கோவம். அவன் இதப் பார்த்ததே இல்ல, அதனாலதான் இது வேணும்.

எப்படி எடுத்தேனா? சொல்றேன், சொல்றேன், முதல்ல அந்தக் கைய நீட்டு. அவங்க வந்துட்டாங்க.

நீ ரொம்ப நல்ல பொண்ணு. அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். வரி இருக்கிற பக்கம் கீழ. ரொம்பப் புதைக்காத, அவனுக்குத் தெரியணும். ஆங். கால் தடத்த அழி. இப்ப உக்காந்து கடலப் பாரு. அந்த நீலத்த வச்சுக்கோம்மா, நான் சொன்னா சொன்னதுதான். திரும்பாத. இந்தப் படகு நிழலுக்கு என் பக்கம் நகர்ந்துக்கோ. நாம ஏதோ அம்மாவும் பொண்ணும் காத்து வாங்க வந்திருக்கோம்.

என்ன பண்றாரு? நேராப் பாசிக்கு வந்துட்டாரா? நின்னுட்டாரு. ஏன் நிக்கிறாரு. ஐயோ, குனியல பாரேன். கண்ணு முன்னாடி கிடக்குது. தொப்பியக் கழட்டுறாரு, தொடைக்கிறாரு. அந்தத் தொப்பிய என்னிக்கு அவரு தொடச்சாரு, நான்தான் துவைக்கிறேன். எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, அங்க ஏதாவது மின்னுதா பாருடான்னு அவன்கிட்ட சொல்றாரு. காதுல விழுதா? கண்ணு தெரியலையாம். நேத்து ராத்திரி சோத்துல கிடந்த எறும்ப எடுத்துக் காட்டின கண்ணு.

பையன் குனியுறான். எடுத்துட்டான். ஃபோன பாக்கெட்டுல போட்டுட்டான், பார்த்தியா. வெளிச்சத்துக்கு நேரா புடிக்கிறான். திருப்புறான். அப்படியே அவங்க அப்பா மாதிரியே புடிக்கிறான், யாரும் சொல்லிக் குடுக்கல. கன்னத்துல உரசுறான். அப்பா இது என்னதுங்கிறான்.

கப்பல் விளக்கு. சொல்லிட்டாரு. இடது பக்க விளக்காம். புயல் வந்துடுச்சு, கப்பல் முழுகிடுச்சு, இனி மத்தியானம் வரைக்கும் ஓடும். அவன் கேட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு, வாயத் திறந்துக்கிட்டு. டெயில் லைட்டுடா மடையா.

போறாங்க. போகட்டும். மெதுவா எழுந்துக்கிறேன், கைய குடு. வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டியில வெங்காயம் போட்டு வைக்கணும்.

ஆங், அதக் கேட்ட இல்ல. தலையணைக்கு அடியிலேருந்து நான் எங்க எடுக்கிறதும்மா. ராத்திரி பூரா அந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டையேதான் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன், கைய நீட்டத் தைரியம் வரல. விடிஞ்சதும் வெறும் பச்சையையும் பழுப்பையும் அள்ளிப் பையில போட்டுக்கிட்டு, போனது போகட்டும்னுதான் கிளம்பினேன். அவரு குறட்டை விட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தாரு. வாசல்ல வந்து செருப்புல கால விட்டேன். அந்த சிவப்பு உள்ள இருந்துச்சு.